முதலில் ஓடி வந்தவர்களுக்கு நன்றி சொல்லும் கூட்டம்: மரணச் சங்கச் செயலாளர் ஒருவரின் குறிப்பு

இலங்கையில், பதுளை மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேல் டிவிஷனில் மரண உதவிச் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடமாக நான்தான் செயலாளர். பெட்டி எங்கே வாங்குவது, நாற்காலிக்கு யாரிடம் சொல்வது, ரோட்டோரம் வெள்ளைக் கொடி கட்ட எத்தனை யார் துணி வேண்டும் எல்லாம் எனக்கு அத்துப்படி. சாவு வீட்டை ஒழுங்காக நடத்தத் தெரிந்தவனுக்கு எந்தக் கூட்டத்தையும் நடத்தத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு 2025 கடைசியோடு போய்விட்டது.

2025 நவம்பர் 28, டித்வா புயல். நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்துபோன அந்த நாட்களில், எங்கள் லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், தொங்கல் காம்பிராவோடு (கடைசி வீட்டோடு) சேர்த்து நான்கு காம்பிராக்கள் மண்ணுக்குள் போயின. மூன்று பேரை இழந்தோம். கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை, கீழே போகிற ரோடு இரண்டு இடத்தில் அறுந்து கிடந்தது. வெளியில் இருந்து ஆள் வந்து சேர்வதற்குள் இங்கே இருந்தவர்களும் கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆட்களுமாக முக்கால்வாசி வேலையை முடித்திருந்தார்கள். அப்புறம் இராணுவப் பையன்கள் வந்தார்கள்.

இவர்களுக்கு நன்றி சொல்ல இரண்டு முறை கூட்டம் போட்டோம். முதலாவது கெட்டுப்போனது. இரண்டாவதைப் பார்த்த பக்கத்துத் தோட்டத்து ஆட்கள், "எப்படிச் செய்தீங்க, எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுதிவிட்டேன். அவர்களுக்குப் பயன்பட்டால் மற்றத் தோட்டங்களுக்கும் பயன்படும்.

கெட்டுப்போன கூட்டம்

அதை முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஒன்பதாம் நாள், எல்லோரும் தங்கியிருந்த பாடசாலை மண்டபத்தில் வைத்தோம். கருமாதிகூட ஆகவில்லை. யாரோ ஒரு பெரிய மனிதர் வருகிறார், அவர் கையால் பொன்னாடை போர்த்தலாம் என்று தகவல் வந்தது. அவருக்குப் பின்னால் இருபது பேர் வந்தார்கள். வாங்கி வைத்திருந்த பொன்னாடை அந்த இருபது பேரோடு தீர்ந்துபோனது. மண்ணைத் தோண்டிக் கை நகம் பெயர்ந்த பையன் பின்வாசலில் நின்று தண்ணீர்ப் போத்தல் பகிர்ந்துகொண்டிருந்தான். மகளைப் பறிகொடுத்த தாயை முன்வரிசையில் உட்காரவைத்து நான்கு போன் அவர் முகத்துக்கு நேரே படம் பிடித்தது. பாதியில் அவர் எழுந்து போனார். அவரோடு பெண்கள் எல்லோரும் எழுந்து போனார்கள். மைக் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அதில் என் பங்கும் உண்டு. அழைப்பிதழை எழுதியவன் நான்தான். ஏழு பெரிய மனிதர்களின் பெயரைப் பட்டத்தோடு போட்டுவிட்டு, கடைசி வரியில் "மீட்புப் பணியில் ஈடுபட்ட பலரும்" என்று முடித்திருந்தேன். மண்ணைத் தோண்டியவன் அந்த "பலரும்" என்ற சொல்லுக்குள் இருந்தான்.

பெயர்ப் பட்டியல்தான் வேலையில் பாதி

கூட்டத்தை எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பட்டியலை மட்டும் உடனே எழுதத் தொடங்குங்கள். ஒரு மாதம் தாமதித்தால், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கயிறு பிடித்தவர்களாகிவிடுவார்கள். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. அந்த இரவைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசும்போது எல்லோருக்கும் தாங்களும் அங்கே நின்றது போலவே தோன்றிவிடும்.

நான் சந்தாக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து எழுதினேன். காம்பிரா காம்பிராவாகப் போய் எல்லோரிடமும் மூன்றே கேள்வி. எத்தனை மணிக்கு வந்தீர்கள், கையில் என்ன இருந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள்.

மூன்றில் நடுக் கேள்விதான் சங்கதி. "நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால் நம் ஆட்கள் "நா என்னாத்த செஞ்சேன், எல்லாருந்தான் செஞ்சாங்க" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார்கள். கையில் என்ன இருந்தது என்று கேட்டால் பதில் வரும். அலவாங்கு என்கிற கடப்பாரை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. வடிகால் கான் வெட்டுகிற முள்ளு. ஒரு பெண் கையில் கொழுந்துச் சாக்கு இருந்தது. ஏன் என்று கேட்டேன். சாக்கின் அடி மூலை இரண்டையும் அறுத்து, இரண்டு கருப்பந்தைலக் கம்பை உள்ளே விட்டு, அடிபட்டவரைத் தூக்க அதைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த யோசனை அவருடையது. நேரே கேட்டிருந்தால் "சும்மா நின்னேன்" என்றுதான் சொல்லியிருப்பார்.

சோற்றுச் சட்டியும் பட்டியலில் வரவேண்டும். பிள்ளை மடுவத்து (குழந்தைக் காப்பகத்து) ஆயா இரண்டு இரவு பதினான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். தாய்மார் தோண்டப் போக முடிந்தது அதனால்தான். கீழ்க் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம், அறுந்த ரோட்டைச் சுற்றிக் காட்டு வழியாக, பெரிய சட்டியில் கிரிபத் என்கிற பாற்சோறும் லுணுமிரிஸ் சம்பலும் தலைச்சுமையாகக் கொண்டுவந்தது. டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி ஒருவர், லொறி போகக்கூடிய கடைசி வளைவு வரை அரிசியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எழுதிக்கொள்ளக்கூட விடாமல் திரும்பிப் போனார். அவர் கடைக் கணக்குப் பையனைப் பிடித்துத்தான் எத்தனை மூடை என்று எழுதினேன்.

மூன்றாவது கேள்வி, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது, சரிபார்ப்பதற்கு. ஒருவர் பெயரை இன்னும் இருவராவது சொன்னால் அருகில் ஒரு புள்ளி வைத்தேன். யாரும் சொல்லாத பெயர்கள் ஐந்தாறு இருந்தன. அவர்களை அழைக்காமல் விடவில்லை. கடிதம் மட்டும் எழுதவில்லை. கடித விஷயம் பின்னால் வருகிறது.

தப்பு மாமா

பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்பதில் கொமிட்டிக்குள் ஒரு சண்டை நடந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்றிரவு இரண்டு மணி இருக்கும். எங்கள் டிவிஷனில் தப்பு மேளம் அடிக்கிற மாமாவுக்கு எழுபத்துநான்கு வயது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போனவர், தண்ணீர் சேறாகக் கலங்கி வருவதையும், அப்படியே நின்றுவிட்டு மறுபடி சீறி வருவதையும் பார்த்திருக்கிறார். ஊற்று கலங்குவது, நல்ல ஊற்று திடீரென்று நிற்பது, நிலத்தில் வெடிப்பு, மரம் சாய்வது எல்லாம் மலை இறங்கப்போகிறது என்பதற்கு அடையாளம் என்று பல வருடமாக நோட்டீசில் வாசித்திருக்கிறோம். மாமாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. போன் வேலை செய்யாத இரவில் ஓடி ஓடிக் கதவு தட்ட அவரால் முடியாது. தப்பை எடுத்து, கொட்டும் மழையில், சாவு அடி அடித்தார். ஆட்கள் "யாருக்கு என்னாச்சு" என்று வாசல் இஸ்தோப்புக்கு வந்தார்கள். வந்தவர்களைக் கோயில் மேட்டுக்கு விரட்டினார். மண் இறங்கியபோது நான்கு காம்பிராக்களிலும் சேர்த்து மிச்சம் இருந்தது ஐந்து பேர். அவர்களில் இருவரை உயிரோடு எடுத்தோம்.

அந்தக் காலத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, ஆள் எழுப்பவும் தப்புதான். இப்போது சாவுக்கும் திருவிழாவுக்கும் அவரைக் கூப்பிடுவோம், வேலை முடிந்ததும் ஓரமாக உட்காரவைத்துச் சோறு போடுவோம். எங்கள் ஆட்களின் பழக்கம் அது. கொமிட்டியில் ஒருவர், "பட்டியல்ல எழுதுவோம், ஆனா முதல் பேரா எதுக்கு?" என்றார். ஏன் என்று நான் கேட்டேன். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. முதல் பெயர் மாமாவுடையதானது.

ஆனால் நான் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் மலரவில்லை.

"என்னைய மேடையில எல்லாம் ஏத்த வேணாம் தம்பி. மழையில தோலு நனைஞ்சு தொவண்டு போச்சு. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

தப்பைக் கொண்டுவந்து காட்டினார். தோல் ஒரு பக்கம் சட்டத்தை விட்டுக் கழன்று, அடித்தால் ஈரச் சாக்கில் அடித்தது போலச் சத்தம். முப்பது நாளாக அந்தத் தப்பு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறோம். தோல் மாற்ற ஆன செலவு, நாங்கள் பெனருக்கு ஒதுக்கியிருந்த காசில் பாதிகூட இல்லை.

ஆகவே யாருக்கு என்ன செய்வது என்று முடிவு எடுப்பதற்கு முன் அவர்களிடமே கேளுங்கள். ஒருவருக்கு உடைந்த டோர்ச் லைட்டுக்குப் பதில் வேறொன்று வேண்டும். ஒரு பையனுக்குக் கை காயத்தால் போன பதினோரு நாள் பேருக்கு, அதாவது நாட்கூலிக்கு, ஒரு வழி வேண்டும். அதைத் தலைவரோடு ஆபீசுக்குப் போய்ப் பேசி முடித்தோம். ஒரு பெண்ணுக்கு எதுவும் வேண்டாம், அந்த இரவைப் பற்றி யாரும் தன்னிடம் கேட்காமல் இருந்தால் போதும். அதுவும் ஒரு கோரிக்கைதான். அவர் பெயரை வாசிக்கவில்லை.

நாள் பார்ப்பது

எங்கள் இளைஞர்கள் டிசம்பர் 26 என்றார்கள். சுனாமி நினைவாகத் தேசிய பாதுகாப்பு தினம், காலை 9.25க்கு நாடே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும், அதோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. நல்ல யோசனைதான். ஆனால் 28ஆம் திகதிதான் இறந்தவர்களின் வீடுகளில் முப்பத்தோராம் நாள் சடங்கு. இரண்டு நாள் முன்னால் அந்த வீட்டு ஆட்களைக் கூட்டத்துக்கு இழுப்பது சரியில்லை. இறந்த வீட்டின் முப்பத்தொன்று கழியும் வரை நன்றிக் கூட்டம் என்ற பேச்சே எடுக்காதீர்கள்.

கீழ்க் கிராமத்தில் அவர்கள் பக்கத்திலும் ஒரு சாவு. அவர்களுக்கு ஏழாம் நாள் தானம், மூன்றாம் மாதத் தானம் என்று உண்டு. அந்த வீட்டிலும் போய்க் கேட்டோம். பௌர்ணமிப் போயா தினத்தில் வைத்தால் ஹாமதுருமாருக்கு, அதாவது பௌத்த பிக்குமாருக்கு, பன்சலையில் வேலை அதிகம், வரமாட்டார்கள். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்து, தைப்பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிறு, ஜனவரி 25, காலை பத்து மணி என்று முடிவானது.

இறந்த குடும்பங்களிடம் சம்மதம் கேட்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகவும் போகாதீர்கள். நானும் என் மனைவியும் போனோம். மூன்று வீட்டிலும் மூன்று விதமான நிபந்தனை. ஒரு வீடு: மகனின் படத்தைப் பெனரில் போடக்கூடாது. இன்னொரு வீடு: மண் சரிந்த இடத்தில் நின்று யாரும் பேசக்கூடாது. மூன்றாவது வீட்டில் தகப்பன் சொன்னது, "பேர வாசிக்கும்போது எம்புள்ள வயசையும் சேர்த்து வாசிங்க." மூன்றையும் எழுதிக்கொண்டு வந்தோம், மூன்றும் நடந்தது. அவர்களுக்கு நாற்காலி முன்வரிசையில் போடவில்லை, வாசலுக்குப் பக்கத்தில் போட்டோம். எழுந்து போக நினைத்தால் யாரையும் தாண்டிப் போகவேண்டியதில்லை.

யூனிபோர்ம் போட்டவர்களை அழைப்பது

முகாமுக்குக் கடிதம் எழுதும்போது "தங்கள் பிரதிநிதி ஒருவரை அனுப்பவும்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் தோண்டாத ஒருவர்தான் வருவார். இந்தத் திகதிகளில் இந்த இடத்தில் வேலை செய்த அணியைச் சேர்ந்தவர்கள் என்று தெளிவாகக் கேளுங்கள். கடிதம் கட்டளை அதிகாரிக்குப் போகவேண்டும், இரண்டு வாரம் முன்னால், சிங்களத்தில். கிராம சேவகர் மூலம் பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அந்தப் பையன்களில் பாதிப் பேர் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போயிருந்தார்கள். ஆறு பேர் வந்தார்கள். மற்றவர்களுக்கான கடிதங்களை அந்த ஆறு பேர் கையில் கொடுத்தனுப்பினோம்.

1990 அம்புலன்ஸ் ஆட்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள். அவர்கள் வண்டியை விட்டு வரமுடியாது, வந்தாலும் பாதியில் போன் அடிக்கும். அவர்கள் வண்டி நிற்கிற இடத்துக்கு நாம் போகவேண்டும். கூட்டத்துக்கு முந்திய நாள் மாலை இஞ்சி போட்ட பிளேன்டீயும் ரொட்டியும் கொண்டுபோனோம். ஐந்து நிமிடம் இருக்காது, அதற்குள் அழைப்பு வந்து, ரொட்டியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார்கள்.

எங்களுக்கு முகம் தெரியாதவர்களும் இருந்தார்கள். நவம்பர் 30ஆம் திகதி நிவாரண வேலையில் இருந்த விமானப்படை ஹெலிகொப்டர் வென்னப்புவைப் பக்கம் விழுந்து அதன் விமானி இறந்துபோனார். அவர் எங்கள் மலைக்கு வரவில்லை. ஆனாலும் எங்கள் மூன்று பெயரோடு அவர் பெயரையும் வாசிக்கவேண்டும் என்று சொன்னது கொழுந்து எடுக்கிற ஒரு பெண். யாரும் மறுக்கவில்லை.

இரண்டு மொழி, நான்கு சமயம்

ஒற்றுமை என்று பெனரில் எழுதுவது சுலபம். நாங்களும் எழுதினோம், அதில் சிங்கள எழுத்துப் பிழை விழுந்தது. பிரிண்ட் போடுவதற்கு முன் கீழ்க் கிராமத்தில் யாரிடமாவது காட்டியிருக்கலாம். கடைசியில் அங்கிருந்து வந்த ஒரு நங்கி மார்க்கர் பேனாவால் திருத்தினாள். திருத்திய பெனரைத்தான் கட்டினோம்.

அறிவிப்பாளர் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தமிழில் சொன்னதை மற்றவர் வரிக்கு வரி சிங்களத்தில் சொன்னால் கூட்டம் இரண்டு மடங்கு நீளும், இரண்டு பக்கமும் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். நாங்கள் பெயர்களைப் பிரித்துக்கொண்டோம். சிங்கள ஆட்களின் பெயரையும் செய்த வேலையையும் எங்கள் ஆசிரியை தமிழில் வாசித்தார். எங்கள் ஆட்களின் பெயரையும் வேலையையும் கிராமத்துப் பாடசாலை ஆசிரியர் சிங்களத்தில் வாசித்தார். தங்கள் வீட்டு ஆளைப் பற்றி அவரவருக்குத் தெரியும். மற்றவர் என்ன செய்தார் என்பதைத்தான் தங்கள் மொழியில் கேட்கவேண்டும். தங்கள் ஆளின் பெயரை அடுத்த மொழியில் வாசிப்பது தலைகீழ் அல்லவா என்று ஒருவர் குழம்பினார். அவரவர் பெயரை மற்ற மொழியில் கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள் என்றேன். வேலை விபரம் இரண்டு மொழியிலும் ஒரு தாளில் அச்சடித்து நாற்காலியில் வைத்திருந்ததால் யாருக்கும் எதுவும் விளங்காமல் போகவில்லை.

பெயர்களின் உச்சரிப்பை முதல்நாளே ஒத்திகை பார்க்கவேண்டும். பாண்டார, ரத்நாயக்க என்று எங்கள் நாக்கில் வரும். கொஞ்சம் நீளமான சிங்களப் பெயர் வந்தால் தடுக்கும். அவர்களுக்கு எங்கள் ழகரம் தடுக்கும்.

சமயத் தலைவர்களைப் பொறுத்தவரை சில்லறை விஷயங்கள்தான் முக்கியம். ஹாமதுருவுக்கு ஆசனத்தில் வெள்ளைத் துணி விரிக்கவேண்டும், மற்றவர்களைவிடச் சற்று உயரமாக. மதியத்துக்குப் பின் அவர் சாப்பிடமாட்டார், ஆகவே பதினொன்றரைக்குள் தானம் கொடுத்துவிடவேண்டும். பேச்சு நீண்டால் இங்கேதான் இடிக்கும். சாப்பாடு முழுவதும் மரக்கறி என்று வைத்தால் ஹலால் கேள்வி எழாது, கோயில் பக்கமும் கேள்வி எழாது. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கோவா வறை, அப்பளம், சேமியாப் பாயாசம். விளக்கேற்ற எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட வேண்டாம். சிலருக்கு அது தங்கள் மார்க்கத்தில் இல்லை, மேடையில் வைத்து மறுக்கவும் முடியாமல் தவிப்பார்கள். கோயில் பூசாரியும் ஹாமதுருவும் விளக்கை ஏற்றினார்கள். அப்புறம் எல்லோருமாக ரோட்டுக்கு மேல் உள்ள சரிவில் ஆளுக்கொரு வெட்டிவேர்த் தூர் நட்டார்கள். பள்ளிவாசல் மௌலவி, சேர்ச் பாதர் உட்பட. வெட்டிவேர் மண்ணைப் பிடிக்கும். சரிந்த தழும்பின் மேல் மட்டும் எதையும் நடாதீர்கள், ஏறவே கூடாது, அது இன்னும் அசைகிற மண்.

கொடி கட்டுவதில் தவறு விடாதவர்கள் குறைவு. பச்சையும் செம்மஞ்சளும் உள்ள பட்டிகள் கம்பத்துப் பக்கம் வரவேண்டும், சிங்கம் கம்பத்தைப் பார்க்கவேண்டும், வாள் நுனி மேலே. அரைக்கம்பம் அரசு அறிவிக்கும் நாட்களுக்கு உரியது என்று விட்டுவிட்டு, தேசியக் கொடியை முழுதாக ஏற்றி, ரோடு நெடுக வெள்ளைக் கொடி கட்டினோம். வெள்ளைக் கொடி இங்கே இரண்டு பக்கத்துக்கும் புரியும்.

தேசிய கீதத்துக்கு வந்தால், தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஒரே மெட்டு. அதனால் ஒரே நேரத்தில் அவரவர் மொழியில் பாடலாம் என்று சிலர் சொல்வார்கள். நாங்கள் பாடிப் பார்த்தோம், சந்தை இரைச்சல் மாதிரி இருந்தது. எங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒன்றாக நின்று முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில் பாடினார்கள். 1949க்குப் பிறகு அரச சுதந்திர தின விழாவில் மறுபடி தமிழில் பாடியது 2016 பெப்ரவரி 4ஆம் திகதிதான். அன்று என் தாத்தா இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவராகி, நாடற்றவராகவே செத்துப்போனவர் அவர். ஆகவே ஒற்றுமை என்ற சொல்லை மைக்கில் யாராவது இழுத்து இழுத்துச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் கூசும். ஆனால் தலையில் கிரிபத்துச் சட்டியோடு காட்டு வழியில் வந்த மனிதனைப் பார்த்தபோது கூசவில்லை. அவர் வாயில் அந்தச் சொல் வரவும் இல்லை. "சட்டியை நாளைக்குத் தாங்க" என்றுதான் சொன்னார்.

கடிதமும் பேச்சும்

பொன்னாடை வேண்டாம், கேடயம் வேண்டவே வேண்டாம். ஆளுக்கு ஒரு கடிதம் எழுதினோம். ஒரே பக்கம், கையெழுத்தில், அவரவர் மொழியில். "தங்கள் தன்னலமற்ற சேவையைப் பாராட்டி" என்று எழுதினால் அதை யாரும் இரண்டாம் தரம் வாசிக்கமாட்டார்கள். எங்கள் கடிதம் ஒன்று இப்படி இருந்தது: "நவம்பர் 28 விடியற்காலை மூன்றரை மணிக்கு அலவாங்கோடு வந்தீர்கள். கூரைத் தகரத்தை நெம்பித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அந்த இடைவெளியால்தான் பாட்டியை வெளியே எடுத்தோம். அவர் இப்போது மகளோடு இருக்கிறார், சாப்பிடுகிறார், உங்களை விசாரித்தார்." அறுபத்துமூன்று கடிதம். எங்கள் ஓ.எல் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் எழுதினார்கள். கையெழுத்து அழகாக இருந்தவளுக்கு வேலை அதிகம், அதற்காகச் சண்டை வேறு.

மேடை போடாதீர்கள். மேடை போட்டால் யார் ஏறுவது என்ற கேள்வி வரும். பெரட்டுக்களத்தில் வட்டமாக நாற்காலி, நடுவில் மைக். பிரமுகர்கள் வரட்டும், உட்காரட்டும், சாப்பிடட்டும். பேச்சுக்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். மூன்று நிமிடம் முடிந்ததும் ஆயா ஒரு கோப்பை தேத்தண்ணியோடு பேச்சாளர் பக்கத்தில் போய் நின்றுவிடுவார். சூடான கோப்பையைக் கையில் வாங்கிய மனிதனால் நீளமாகப் பேச முடியாது. இது சாவு வீட்டில் நான் கற்ற வித்தை.

மௌனத்தைத் தொடங்கவும் முடிக்கவும் ஒரு சத்தம் வேண்டும். அதற்குத் தப்பு மாமாவைக் கேட்டோம். புதுத் தோலைக் காய்ந்த தேயிலைக் குச்சியில் நெருப்பு மூட்டிச் சூடாக்கி, விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். சாவு அடி அடிக்கமாட்டேன் என்றார். ஒரே ஒரு அடி தொடக்கத்தில், ஒரே ஒரு அடி முடிவில்.

இன்னொன்று. வீட்டு மனுவை இந்தக் கூட்டத்தில் கொடுக்கலாம், பெரியவர்கள் எல்லாம் வருகிறார்களே என்று சிலர் சொன்னார்கள். நான் மறுத்தேன். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது நான் போய்ப் பார்த்தவன். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மைக் பேசியது. உயிர் பிழைத்த குடும்பங்கள் புது வீட்டுக்காகப் பழைய தேயிலை ஸ்டோருக்குள் இரண்டு வருடம் அளவில் காத்திருந்தார்கள். நன்றிக் கூட்டத்தில் கொடுக்கிற மனு சால்வையோடு மடிந்து போய்விடும். எங்கள் மனுவைத் திங்கட்கிழமை பிரதேச செயலகத்தில் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியை வாங்கி வைத்திருக்கிறோம். கீழ்க் கிராமத்து ஆட்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவர்களில் நான்கு வீட்டுக்கும் அதே ஆபத்து.

மம்பட்டிக் கணக்கு

கூட்டச் செலவில் மிச்சம் பிடித்த காசில் ஒரு தகரப் பெட்டி செய்தோம். அன்றிரவு எல்லோரும் இருட்டில் அலவாங்கு தேடி அலைந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்கும். பெட்டியில் மம்பட்டி ஏழு, அலவாங்கு இரண்டு, நூறடிக் கயிறு, டோர்ச் மூன்று, விசில், கம்பு செருகத் தைத்த கொழுந்துச் சாக்கு இரண்டு. பெட்டிக்குப் பக்கத்தில் மழைமானி. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழித்திருக்கவேண்டும், 100 தாண்டினால் மூட்டை கட்டவேண்டும், 150 தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் யாருக்கும் காத்திராமல் மேட்டுக்குப் போய்விடவேண்டும். மூடியின் உள்பக்கம் இரண்டு மொழியிலும் பெயிண்டால் எழுதியிருக்கிறோம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119 ஆகிய எண்களோடு.

மம்பட்டி ஏழு என்றேன். நாங்கள் வாங்கியது ஆறு. டிசம்பரில் இராணுவப் பையன்கள் புறப்படும் முன், எங்களிடம் இரவல் வாங்கிய மம்பட்டிகளைப் பீலிக்கரையில் கழுவி, எண்ணி அடுக்கிவிட்டுப் போனார்கள். பிறகு பார்த்தால் ஒன்று கூட இருந்தது, பச்சைப் பிடி போட்டது. ஜனவரி 25ஆம் திகதி அதைத் திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோனேன். வந்த ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே, "அப்பே நெமெய் மாத்தயா" என்றான். எங்களுடையது இல்லையாம். பிடியில் இராணுவ நம்பர் அடித்திருக்கிறது.

பெட்டிச் சாவி இரண்டு. ஒன்று தப்பு மாமா வீட்டு நிலைக்கதவில் தொங்குகிறது. மற்றது கீழ்க் கிராமத்தில், அந்தக் கிரிபத்துச் சட்டி வீட்டில்.